சிறைக்கதவை உடைத்த ஜாக்கும் ஷெட்லாந்து பிடிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலுக்கு நடுவில் இருக்கும் ஷெட்லாந்து தீவுகளில் ரீல் என்று ஒரு வகை ஆட்ட மெட்டு உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பிடிலில் வாசித்து வருகிறார்கள். நான் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்பது நண்பர்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் பாதிப் பேர் கர்நாடக வயலின் கற்றவர்கள், நானும் கொஞ்சம் கற்றவன். அதனால் பதில்களில் அந்த வாசனை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீல் என்றால் என்ன?

ஆட்டத்துக்கும் அந்தப் பெயர், ஆட்டத்துக்கு வாசிக்கும் மெட்டுக்கும் அதே பெயர். தாளம் நமக்குப் பழக்கமானதுதான்: சதுஸ்ர நடை, தகதிமி தகதிமி என்று ஓடும். மெட்டுக்கு இரண்டு பாகம். ஒவ்வொன்றிலும் 16 தகதிமி. முதல் பாகத்தை இரண்டு தடவை, அடுத்த பாகத்தை இரண்டு தடவை வாசித்தால் ஒரு சுற்று முடிந்தது. மொத்தம் 64 தகதிமி. நல்ல வேகத்தில் வாசித்தால் ஒரு சுற்றுக்கு 35 நொடி கூட ஆகாது. பழைய ஷெட்லாந்து ரீல்களில் இந்தக் கணக்குக்குள் அடங்காதவையும் இருக்கின்றன. ஒரு பாகம் குட்டையாக இருக்கும், இன்னொன்று இழுத்துக்கொண்டு போகும்.

ஆட்டத்தில் மூன்று ஜோடிகள். கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் சுற்றிப் பின்னல் போடுவதுபோல் எட்டு வடிவில் ஓடுவார்கள். அப்புறம் எதிரெதிரே நின்று காலடி போடுவார்கள். மறுபடி ஓட்டம், மறுபடி காலடி. வாசிக்கிறவருக்குக் கண் இவர்கள் காலில்தான் இருக்கும்.

ஏன் குறிப்பாக ஷெட்லாந்து? அங்கே என்ன விசேஷம்?

இடம்தான் விசேஷம். சுமார் நூறு தீவுகள், அவற்றில் பதினாறு வாக்கில்தான் ஆள் குடியிருப்பு. மொத்த மக்கள்தொகை 23,000 அளவு. தலைநகர் லெர்விக்குக்கு எடின்பரோவைவிட நார்வேயின் பெர்கன் நகரம் பக்கம். 1469 வரை அந்தத் தீவுகள் நார்வேக்காரர்களின் கையில்தான் இருந்தன. மகளுக்குச் சொன்ன சீதனப் பணத்தைக் கொடுக்க முடியாமல் டென்மார்க்–நார்வே அரசர் முதலாம் கிறிஸ்டியன் தீவுகளை ஸ்காட்லாந்து அரசரிடம் அடகு வைத்தார். அடகு மீளவே இல்லை. கதை நமக்குப் பழக்கமானதுதான், அடகில் போனது மட்டும் கொஞ்சம் பெரியது.

நார்ன் என்ற அவர்களுடைய பழைய மொழி 19ஆம் நூற்றாண்டோடு போய்விட்டது. ஆனால் பேச்சில் மிச்சம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'த' என்று வருமிடத்தில் அவர்கள் 'ட' போடுவார்கள். அதனால் மெட்டுகளின் பெயர்கள் பல 'டா' என்று தொடங்கும். 'டா டே டான்', 'டா மெரி பாய்ஸ் ஓ க்ரீன்லாந்து' என்றெல்லாம் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

பிடில் அங்கே 1700 வாக்கில் வந்தது. அதற்கு முன்பு 'கூ' என்று குதிரைமயிரால் தந்தி போட்ட இரட்டைத் தந்தி வாத்தியம் ஒன்று இருந்தது. 1809இல் வெளிவந்த ஒரு நூலில் அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். தீவில் மரம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. கரை ஒதுங்கிய மரத்துண்டில் வீட்டிலேயே பிடில் செய்துகொண்டவர்கள் உண்டு.

தலைப்பில் இருக்கும் ஜாக் யார்?

'ஜாக் ப்ரோக் டா ப்ரிசன் டோர்' என்று ஒரு ரீல். சிறைக்கதவை ஜாக் உடைத்தான் என்று பொருள். ஜாக் கௌடி என்று ஒரு பிடில்காரர், புத்தி பேதலித்தவர் என்று லெர்விக்கில் அடைத்து வைத்திருந்தார்களாம். ஒரு நாள் காவலாளியைத் தள்ளிவிட்டுக் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து இந்த மெட்டைக் கட்டினார் என்று சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, மெட்டைக் கேட்டால் கதவு உடைகிற மாதிரிதான் இருக்கும்.

இதைப் பெரும்பாலும் தனியாக வாசிக்க மாட்டார்கள். 'ஸ்லீப் சவுண்ட் இடா மோர்னிங்', 'டொனால்ட் ப்ளூ' என்ற ரீல்களோடு சேர்த்து மூன்றையும் இடைவெளி இல்லாமல் கோத்து வாசிப்பது வழக்கம். இப்படிக் கோப்பதற்கு 'செட்' என்று பெயர். ஷெட்லாந்தில் பிடில் கற்கும் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே படிக்கும் செட் இது.

எழுதி வைக்காமல் எப்படி இத்தனை காலம் தங்கியது?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான்.

டிசம்பரில் லெர்விக்கில் பகல் ஆறு மணி நேரம் கூட இல்லை. ஆண்கள் கோடை முழுக்கக் கடலில். குளிர்காலத்தில்தான் வீட்டில் இருப்பார்கள். கரிமண் கட்டி எரியும் அடுப்பைச் சுற்றி அக்கம்பக்கத்தார் கூடுவார்கள், பெண்கள் கையில் பின்னல் ஊசி ஓயாது. யாராவது பிடிலை எடுத்தால் மேசை நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு ஆட்டம். பிள்ளைகள் மூலையில் உட்கார்ந்து இதையே கேட்டு வளர்வார்கள். பெரியவர் இல்லாத நேரம் பார்த்துப் பிடிலை எடுத்து முயல்வார்கள். பாடம் என்று தனியாக எதுவும் இல்லை. காது பிடித்ததைக் கை தேடிக் கண்டுபிடிக்கும்.

இதன் விளைவு நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். நாம் பாடாந்தரம் என்கிறோமே, அதேதான். ஒரே கிருதியை இரண்டு குரு பரம்பரையில் கேட்டால் சங்கதி மாறும், சில சமயம் எடுப்பே மாறும். 'அது எங்க பாடாந்தரம்' என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அங்கேயும் அப்படித்தான். வால்சே தீவில் ஒரு மாதிரி, உன்ஸ்ட் தீவில் வேறு மாதிரி, ஒரே ஊரில் இரண்டு குடும்பங்களுக்குள்ளேயே வித்தியாசம். எது மூலம் என்று தேடிப் போகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. 1970களில் அங்கே கள ஆய்வு செய்த பீட்டர் குக் போன்றவர்கள் இந்த வித்தியாசங்களையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். சரியான வடிவம் என்று ஒன்றை நிறுத்தி வைக்காமல் இருந்தது நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது.

குடும்ப வழி எப்படிப் போகும் என்பதற்கு உன்ஸ்ட் தீவின் ஸ்டிக்கிள் குடும்பத்தைச் சொல்லலாம். ப்ரீடமன் ஸ்டிக்கிள் 19ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்ற பிடில்காரர். கப்பல் உடைந்து கரையேறிய ஜெர்மானியர் ஒருவரின் வம்சம் என்று சொல்வார்கள். அதே வம்சத்தில் வந்த ஜான் ஸ்டிக்கிளைத் தேடி 1947இல் பேட்ரிக் ஷுல்டம் ஷா என்ற சேகரிப்பாளர் போனார். முதியவர் மெட்டுகளோடு, 'ஆர்ஃபியோ அரசன்' என்ற கதைப்பாடலையும் பாடிக் காட்டினார். அதன் பல்லவி நார்ன் மொழியில் இருக்கிறது. மொழி போய், பொருளும் போய், ஒலி மட்டும் வாய் மாற்றி வாய் வந்து சேர்ந்திருக்கிறது. மாய உலகத்தார் தூக்கிப் போன மனைவியை மீட்க அரசன் வாசிக்கிறான். முதலில் துக்கம், அப்புறம் சந்தோஷம், கடைசியில் நொந்த நெஞ்சைக் குணப்படுத்தும் ஒரு ரீல். 19ஆம் நூற்றாண்டில் அதே தீவில் எழுதிக்கொண்ட வடிவத்தில் இந்த வரிசை அப்படியே இருக்கிறது. பழைய கதைப்பாடலில் மருந்தாக வருவது ரீல் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் வந்தது.

'ட்ரோ' மெட்டு என்கிறார்களே, அது என்ன?

ட்ரோ என்றால் குன்றுக்குள் வசிக்கும் குட்டிப் பூதம். நார்வேக்காரர்களின் ட்ரோல்தான் இங்கே ட்ரோ ஆகியிருக்கிறது. ட்ரோக்களுக்குப் பிடில் என்றால் உயிர். ராத்திரி நடந்து போகும் பிடில்காரரைக் குன்றுக்குள் கூட்டிப் போய் வாசிக்கச் சொல்வார்கள். ஒரு ராத்திரி வாசித்துவிட்டு வெளியே வந்தால் ஊரில் ஒரு வருஷமோ நூறு வருஷமோ ஓடியிருக்கும். குன்றின் ஓரமாகப் போனவர் உள்ளேயிருந்து வந்த மெட்டை ஒட்டுக்கேட்டு மனப்பாடம் செய்து வந்த கதைகளும் ஏராளம். ஃபெட்லர் தீவின் 'வின்யாடெப்லா' அப்படி வந்தது என்பார்கள்.

அதே தீவில் ஹால்டடான்ஸ் என்று வட்டமாக நிற்கும் கற்கள் இருக்கின்றன. ராத்திரி முழுக்க ஆடிய ட்ரோக்கள் பொழுது விடிவதைக் கவனிக்காமல் சூரிய வெளிச்சம் பட்டுக் கல்லாகிவிட்டார்களாம். வட்டத்துக்கு நடுவில் இரண்டு கற்கள் தனியாக நிற்கின்றன. ஒன்று பிடில்காரர், இன்னொன்று அவர் மனைவி. ஆட்டம் போட்டவர்களோடு சேர்ந்து வாசித்தவருக்கும் தண்டனை.

இந்தக் கதைகளுக்கு ஒரு உபயோகமும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். மெட்டை நான் கட்டினேன் என்று சொன்னால் நாலு பேர் குறை சொல்வார்கள். பூதம் கொடுத்தது என்றால் யார் வாய் திறப்பார்கள்?

எல்லா மெட்டும் தீவிலேயே பிறந்தவையா?

இல்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் க்ரீன்லாந்துப் பக்கம் திமிங்கல வேட்டைக்குப் போன பிரிட்டிஷ் கப்பல்கள் போகிற வழியில் லெர்விக்கில் நின்று ஆள் எடுத்துக்கொண்டன. ஷெட்லாந்துக்காரர்கள் நல்ல படகோட்டிகள். கப்பலில் பிடில்காரர் இருந்தால் மாதக்கணக்கில் பனிக்கு நடுவே கிடப்பவர்களுக்குப் பொழுது போகும். பல ஊர்க்காரர்கள் சேரும் இடம் என்பதால் மெட்டும் கை மாறும். 'வில்லாஃபியர்ட்' என்ற புகழ்பெற்ற ரீல் இந்தத் திமிங்கலக் கப்பல் வழியாக வந்தது என்பது ஊர் நம்பிக்கை. ஸ்காட்லாந்து பெருநிலத்து மெட்டுகளும் நிறைய வந்து சேர்ந்தன. வந்தவற்றை அப்படியே விட்டுவைக்கவில்லை, தங்கள் வில்லுக்கு ஏற்ற மாதிரி திருப்பிக்கொண்டார்கள்.

கல்யாணத்தில் பிடில்காரருக்கு என்ன வேலை?

நம் ஊர் நாகஸ்வரக்காரருக்கு என்ன வேலையோ அதே வேலை. பெண் வீட்டிலிருந்து கோவிலுக்குப் போகும் ஊர்வலத்துக்கு முன்னால் அவர்தான் நடந்து போவார். வழிக்கு ஒரு மெட்டு, திரும்பி வர வேறொன்று என்று அததற்கு உண்டு. பெண்ணைப் புகழும் 'டா ப்ரைட்ஸ் எ போனி டிங்' இந்த வகை. வழியில் துப்பாக்கி வெடிப்பார்கள். அப்புறம் ராத்திரி ஆட்டம், விடிய விடிய. கல்யாணம் ஒரு நாளில் முடியாது என்பதால் வாசிப்பவரின் கை நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஆட்டத்துக்கு அல்லாத மெட்டுகளும் உண்டு. குளிர்காலப் பண்டிகை நாளன்று விடியுமுன் வீடு வீடாகப் போய் 'டா டே டான்' வாசிக்கும் வழக்கம் உன்ஸ்டில் இருந்தது. மார்கழி பஜனை கோஷ்டி ஞாபகம் வந்தால் தவறில்லை. குளிர் மட்டும் பல மடங்கு.

அவர்கள் பிடிலை நம் மாதிரி ச–ப–ச–ப என்று சுருதி சேர்ப்பார்களா?

சில ரீல்களுக்கு, ஆமாம்! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மேற்கத்திய வழக்கப்படி தடித்த தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, இ என்று சேர்ப்பார்கள். ஷெட்லாந்தில் பழைய ரீல்கள் பலவற்றுக்கு, கீழ்த் தந்திகள் இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி ஏ, இ, ஏ, இ என்று வைப்பார்கள். ஏ–யை ஷட்ஜமமாக, அதாவது ச–வாக வைத்துக்கொண்டால் இது அட்சரம் பிசகாமல் ச–ப–ச–ப. நம் கச்சேரி மேடையில் வயலின் சேர்க்கும் அதே உறவு.

ஏன் அப்படி? ஆட்டத்துக்கு ஒரே ஒரு பிடில்தான். மைக் கிடையாது, கூட வாசிக்க ஆள் கிடையாது. பத்துப் பதினைந்து பேர் தரையை மிதிக்கும் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும். மெட்டு ஒரு தந்தியில் ஓடும்போது பக்கத்துத் தந்தியையும் வில் சேர்த்துத் தொட்டால் ஷட்ஜமமோ பஞ்சமமோ (ப) கூடவே முழங்கும். தம்புராவையும் தானே வாசித்துக்கொள்கிற மாதிரி. தொடாத தந்திகளும் அந்த ஒலிக்குத் தாமாகவே அதிரும். ஒரு பிடில் இரண்டு பிடில் மாதிரி கேட்கும். அடியில் தனியாக அதிர்வுத் தந்திகள் கட்டிய நார்வேயின் ஹார்டாங்கர் பிடிலோடு இந்த ஒலியைப் பலர் ஒப்பிடுகிறார்கள்.

நமக்கும் பிடில் வெள்ளைக்காரர் வழியாகத்தான் வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் கற்றுக்கொண்டு வந்து நம் இசைக்குப் பழக்கினார். அண்ணன் அந்த பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் போட்டார். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் ராஜகீத மெட்டில் அமைந்தது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் ச–ப–ச–ப சுருதி அங்கிருந்து நமக்கு வந்ததில்லை, இங்கிருந்து போனதுமில்லை. விடாமல் ஒலிக்கும் ஒரு ஆதார சுருதி வேண்டும் என்று காது கேட்டால் பிடிலை இப்படிச் சேர்ப்பதுதான் சுலபம். இரண்டு இடத்திலும் கை தானாக அங்கே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்வரக்குறிப்பைப் பார்த்து வாசித்தால் போதாதா?

மெட்டு வரும், ரீல் வராது. விஷயம் வில்லில் இருக்கிறது. வில்லைத் தட்டுக்குத் தட்டு மாற்றாமல், ஒரு தட்டின் கடைசி ஸ்வரத்தையும் அடுத்த தட்டின் முதல் ஸ்வரத்தையும் ஒரே வில்லில் சேர்த்து இழுப்பார்கள். அழுத்தம் கால் தரையில் படும் இடத்தை விட்டு, கால் எழும் இடத்தில் விழும். ஆடுகிறவரை அதுதான் தூக்கிவிடுகிறது. புத்தகத்தில் வில் குறி போட்டிருந்தாலும் அழுத்தம் எவ்வளவு என்று யார் எழுதுவது? ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தை எழுதப் பார்த்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இது அழியாமல் தப்பியது எப்படி?

தப்பியது மயிரிழையில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கார்டியன் பேண்டுகள் வந்தன. சத்தம் அதிகம், மண்டபத்துக்கு ஏற்றது. இளைஞர்கள் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டு ஆட்டம் நின்றது, பிடில் சுவரில் தொங்கியது.

அங்கேதான் டாம் ஆண்டர்சன் வருகிறார். 1910இல் எஷானஸ் பகுதியில் பிறந்தவர், தொழில் இன்ஷூரன்ஸ். தீவு தீவாகப் போய்ப் பழைய ஆட்களைக் கண்டுபிடித்து நூற்றுக்கணக்கில் மெட்டுகளைச் சேகரித்தார். 1960இல் வெளிநாட்டுக்குக் குடிபோனவர்கள் எல்லாம் சொந்தத் தீவுக்கு வந்து கூடும் விழா ஒன்று நடந்தது. அதையொட்டி உருவானது ஷெட்லாந்து ஃபிட்லர்ஸ் சொசைட்டி. 'நாற்பது பிடில்காரர்கள்' என்றே அதற்குச் செல்லப்பெயர்.

1969 ஜனவரியில் ஒரு ராத்திரி, எஷானஸிலிருந்து கிளம்பி மேட்டின் உச்சியில் திரும்பிப் பார்த்தார். சின்ன வயதில் பார்த்த அத்தனை விளக்குகளில் சிலதுதான் எரிந்துகொண்டிருந்தன. அவையும் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக அணைந்தன. மனைவி இறந்து அதிக நாள் ஆகவில்லை. அன்று பிறந்தது 'டா ஸ்லாக்கிட் லைட்', அணைந்த விளக்கு. அது ரீல் இல்லை, மெதுவாக இழையும் மெட்டு. ஆனால் ஷெட்லாந்து என்றதும் பலருக்கும் முதலில் காதில் வருவது அதுதான்.

1970களில் பள்ளிகளில் பிடில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வட கடல் எண்ணெய்ப் பணம் தீவுக்கு வரத் தொடங்கிய காலம் அது. ஆக, அடுப்படியில் நடந்தது வகுப்பறைக்கு வந்தது. ஒரே வாத்தியாரிடம் எல்லோரும் கற்றால் தீவுக்குத் தீவு இருந்த பாடாந்தரம் சமமாகிவிடாதா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கொஞ்சம் சமமாகித்தான் போனது. ஆனால் அவர் இல்லாவிட்டால் எதைச் சமமாக்குவது என்றே இருந்திருக்காது. அவர் 1991இல் காலமானார்.

பெண்கள் வாசிப்பார்களா?

பழைய நாளில் அபூர்வம். பள்ளி வகுப்பு வந்ததும் நிலைமை தலைகீழ். ஆண்டர்சனின் பிந்தைய மாணவர்களில் பெண்களே அதிகம். கட்ரியோனா மக்டொனால்ட் அவரிடம் கற்றவர்தான்.

ஐரிஷ் ரீலும் இதுவும் ஒன்றுதானே?

உறவுக்காரர்கள். தாளம் ஒன்று, சில மெட்டுகளும் ஒன்று. ஐரிஷ் வாசிப்பில் இடது கை விரல்கள் ஸ்வரத்தைச் சுற்றிப் போடும் அலங்காரம் அதிகம். ஷெட்லாந்தில் அலங்காரம் குறைவு, பக்கத்துத் தந்தி முழக்கமும் வில் அழுத்தமும் கூடுதல்.

பின்னணியில் கித்தார் ஜாஸ் மாதிரி கேட்கிறதே?

காது நல்ல காது. அது பீரி வில்லி ஜான்சன் (1920–2007) காட்டிய வழி. 'பீரி' என்றால் அவர்கள் பேச்சில் குட்டி. வானொலியில் சிற்றலையில் வந்த அமெரிக்க ஸ்விங் இசையைக் கேட்டே தனக்கென ஒரு பாணி அமைத்துக்கொண்டார். இன்று அதுவே ஷெட்லாந்து மரபு. மரபு என்பதற்கு வயது எத்தனை ஆக வேண்டும் என்று யாரும் சண்டை போடவில்லை.

யூடியூபில் வாசித்துப் போட்டால் காப்புரிமை பிரச்சினை வருமா?

பழைய மரபு ரீல்களுக்குக் காப்புரிமை இல்லை, தாராளமாக வாசிக்கலாம். ஆனால் ஆண்டர்சன் கட்டியவை அப்படி இல்லை. பிரிட்டிஷ் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு, அதாவது 2061 முடியும்வரை உரிமை உண்டு.

நான் கர்நாடக வயலின் வாசிப்பவன். எப்படித் தொடங்குவது?

ச–ப–ச–ப ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பீர்கள், பாதி வேலை முடிந்தது. உங்கள் சுருதியிலேயே வாசியுங்கள். மேற்கத்திய முறையில் சேர்த்த பிடிலாக இருந்தால் கீழ்த் தந்திகளை மெதுவாக ஏற்றுங்கள், ஒரேயடியாக முறுக்கினால் அறுந்துவிடும். ஸ்வரத்தைக் கமகம் இல்லாமல் நேராகப் பிடிப்பது முதலில் கஷ்டமாக இருக்கும். கை தன்னால் அசையும், அடக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கடம். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து காலால் தரையைத் தட்டிக்கொண்டே வாசிப்பார்கள். நாம் சம்மணம் போட்டு வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றிக்கொள்கிறோம். அப்படி உட்கார்ந்துகொண்டு கால் தட்டிப் பாருங்கள், என்ன ஆகும் என்று தெரியும். ரீலுக்கு மட்டும் நாற்காலிக்கு மாறிவிடுவது உத்தமம்.

எதைக் கேட்கலாம்?

ஆண்டர்சனிடம் கற்று, 1960களின் கடைசியில் பெருநிலத்துக்குப் போய் உலகம் சுற்றிய அலி பெய்னில் தொடங்குங்கள். லெர்விக்கில் 1946இல் பிறந்தவர். தெளிவான வாசிப்பு, மெட்டு மனதில் ஒட்டும். ஒட்டியபின் பழைய ஆட்களிடம் போங்கள். எடின்பரோவில் 1951இல் தொடங்கிய ஸ்கூல் ஆஃப் ஸ்காட்டிஷ் ஸ்டடீஸ் எடுத்த களப்பதிவுகள் பல, 'டோபார் அன் டுவல்ஹைஸ்' என்ற இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சுருதி சில இடங்களில் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் இருக்கும். நடுவில் டொக் டொக் என்று ஒரு சத்தம் விடாமல் வரும். பதிவில் கோளாறு என்று நினைத்து அடுத்ததற்குத் தாவிவிடாதீர்கள், அது பிடில்காரரின் கால்.